கொடைக்கானல் கோபுரமும் கணக்கில் வராத நேயர்களும்

2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி மத்திய அமைச்சரவை, தனியார் பண்பலை வானொலி இதுவரை எட்டாத 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அவற்றின் மொத்தக் குறைந்தபட்ச ஏலத்தொகை 784.87 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 11 ஊர்கள். ஊருக்கு மூன்று வீதம் 33 அலைவரிசைகள். குன்னூர், காரைக்குடி, கரூர், நாகர்கோவில், நெய்வேலி, புதுக்கோட்டை, ராஜபாளையம், தஞ்சாவூர், திருவண்ணாமலை, வாணியம்பாடி என்று போகும் அந்த வரிசையில் திண்டுக்கல்லும் இருக்கிறது.

பூட்டுக்கும் தோலுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊருக்குச் சொந்தமாக மூன்று தனியார் வானொலிகள் வரப்போகின்றன என்றால், முதலில் ஒரு கேள்வி எழ வேண்டும். இங்குள்ளவர்கள் இப்போது எதைக் கேட்கிறார்கள், எந்த நேரத்தில் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்? ஏலம் கேட்க வரும் நிறுவனத்துக்கு அது வியாபாரக் கேள்வி. எனக்கு அது வேறு வகையில் முக்கியமாகப் படுகிறது. ஒரு வட்டாரத்து மக்கள் எதற்குக் காது கொடுக்கிறார்கள் என்று அறியாமல் அவர்களுக்கென்று ஒலிபரப்புவது, அவர்களைப் பொருட்படுத்தாமல் பேசுவதுதான். வானொலிக்கென்றே எடுக்கப்பட்டு விளம்பரச் சந்தை நம்பிவந்த கணக்குகள் திண்டுக்கல் போன்ற ஊர்களைத் தொட்டதே இல்லை. யாரோ மறந்துவிட்டதால் நேர்ந்த விடுபடல் அல்ல இது. அளவுகோல் செய்யப்பட்ட விதத்திலேயே அது இருக்கிறது.

திண்டுக்கல் சமவெளியின் வானொலி நிலவரத்தைப் புரிந்துகொள்ள மேற்கே மலையைப் பார்க்க வேண்டும். ஆகாசவாணியின் கொடைக்கானல் நிலையம், நேயர்கள் வாயில் ‘கோடை பண்பலை’, 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் திறனுடன் ஒலிக்கிறது. 10 கிலோவாட் பண்பலைக்கு அசாதாரணமான திறன் அல்ல. இந்த நிலையத்தின் பலம் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைக்கும்வரை போகும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலையின் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. 60 மீட்டர் கோபுரத்துக்கு இது சுமார் 32 கிலோமீட்டர். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் அளவில் இருக்கிறது. சமவெளியைவிட ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அதே கணக்கைப் போட்டால் 175 கிலோமீட்டர் வருகிறது. நேர்கோட்டில் திண்டுக்கல் 55 கிலோமீட்டர், மதுரை 80 கிலோமீட்டருக்குள், கரூரும் கோவையும் நூற்றையொட்டி, திருச்சி 150 கிலோமீட்டருக்குள். நடுவில் மலை மறைக்காத இடங்களெல்லாம் இந்த ஒரே கோபுரத்தின் பார்வைக்குள் வந்துவிடுகின்றன.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகரத்தில் வசித்தவர்கள் 36,501 பேர். வானொலி நிலையத்தை அது இருக்கும் ஊரோடு முடிச்சுப்போட்டு அளந்தால், தென்தமிழகத்தில் மிக விரிந்த பரப்பை எட்டும் நிலையங்களில் ஒன்று ஒரு சின்ன மலைவாசத்தல நிலையமாகச் சுருங்கிவிடும். நேயர் இருக்கும் ஊரை வைத்து அளந்தாலும் சிக்கல் தீராது. மதுரையில் அது வெளியூர் நிலையம், கோவையில் வெளியூர் நிலையம், திருச்சியிலும் வெளியூர் நிலையம். ஒவ்வொரு நகரத்தின் பட்டியலிலும் கடைசியில் ‘மற்றவை’ என்ற வரிக்குள் அடங்கிவிடும். ஐந்தாறு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் நேயர்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் பட்டியல் எதுவும் விளம்பரச் சந்தையில் இல்லை.

திண்டுக்கல் நகரத்தில் 2011இல் 2,07,327 பேர். மாவட்டத்தில் 21,59,775 பேர். அதாவது மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் மாவட்டத் தலைநகருக்கு வெளியே இருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள், நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கிறவர்கள், வேடசந்தூர் நூற்பாலைகளில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிற பெண்கள், சின்னாளபட்டியில் தறிக்குழியில் கால் வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற நெசவாளர்கள். இவர்கள் ஒவ்வொருவருடைய நாளும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கி வெவ்வேறு நேரத்தில் முடிகிறது. கொடைக்கானல் ஒருபுறம் இருக்க, 2006ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டத் தனியார் உரிமங்களுக்குப் பிறகு மதுரையில் வந்த சூரியன், ஹலோ, மிர்ச்சி ஆகியவையும் மாவட்டத்தின் தென்பகுதிக்கு எட்டுகின்றன. ஆக, சொந்த நிலையம் இல்லாத ஊரானாலும் கேட்க ஆளில்லாத ஊரல்ல திண்டுக்கல். அங்கே பண்பலைப் போட்டி ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் போட்டியில் யார் முன்னே என்று சொல்ல இந்தியாவில் என்ன ஏற்பாடு இருந்தது? டாம் மீடியா ரிசர்ச் நிறுவனம் 2007இல் ‘ராம்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட வானொலிக் கேட்பளவீட்டைத் தொடங்கியது. மும்பை, டெல்லி, பெங்களூரு, பின்னர் கொல்கத்தா: இந்த நான்கு நகரங்களோடு அது நின்றது. தமிழ்நாட்டின் எந்த ஊரும் அதில் இல்லை, சென்னைகூட இல்லை. நகருக்கு 480 பேர், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் கையில் ஒரு நாட்குறிப்பு. எந்த நிலையத்தை எந்தக் கால்மணி நேரத்தில் கேட்டார்கள் என்று அவர்களே குறித்துவைக்க வேண்டும்.

480 என்ற எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்துக்கு இந்த 480 பேரில் 10 விழுக்காட்டினர் நேயர்கள் என்று வந்தால், புள்ளியியல்படி உண்மை நிலை ஏறக்குறைய 7.3இலிருந்து 12.7 விழுக்காட்டுக்குள் எங்கேயும் இருக்கலாம். முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் வித்தியாசம் இரண்டு புள்ளிதான் என்றால், அந்த வரிசைக்கு அர்த்தமே இல்லை. நேரவாரியாகப் பிரித்தால் நிலைமை இன்னும் மோசம். பிற்பகல் மூன்று மணிக்கு இந்த 480 பேரில் 15 விழுக்காட்டினர் வானொலி கேட்பதாக வைத்துக்கொள்வோம். அது 72 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் இருந்தால், ஏழு பேர். இரண்டு பேர் அன்று கல்யாணத்துக்குப் போய்விட்டால் அந்த நிகழ்ச்சியின் கேட்பளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்ததாக அறிக்கை சொல்லும். வேலை போவதும் நிகழ்ச்சி நிற்பதும் இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் என்பது ஒலிபரப்புத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேட்பளவு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. வாரத்தில் ஒருமுறையாவது கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது வீச்சு. ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் கேட்கிறார் என்பது இரண்டாவது. மொத்த வானொலி நேரத்தில் ஒரு நிலையத்தின் பங்கு எவ்வளவு என்பது மூன்றாவது. பேருந்தில் போகும்போது பத்து நிமிடம் காதில் விழுந்ததும், தறியருகே எட்டு மணி நேரம் பாடிக்கொண்டிருப்பதும் வீச்சுக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சமம். நேரக் கணக்கில் ஒரே நெசவாளர் ஏறக்குறைய ஐம்பது பயணிகளுக்கு நிகராகிறார். எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்த நிலையமும் ‘முதலிடம்’ என்று பலகை வைத்துக்கொள்ளலாம். விளம்பரங்களில் ஒரே ஊரில் இரண்டு முதலிடங்கள் தென்படுவதன் சூட்சுமம் இதுதான்.

நாட்குறிப்பு முறையின் அடிப்படைக் குறை, அது நினைவை அளக்கிறது என்பது. ஒருவர் எதைக் கேட்டதாக எழுத விரும்புகிறாரோ அது குறிப்பில் ஏறும். பிடித்த நிலையத்தின் பெயர் தாராளமாக இடம்பெறும். தேநீர்க்கடையில் தானாகக் காதில் விழுந்தது விடுபடும். அமெரிக்காவில் இதை மாற்ற ஆர்பிட்ரான் நிறுவனம் ஒரு சிறு கருவியைக் கொண்டுவந்தது. இடுப்பில் செருகிக்கொள்ளலாம், நிலையங்கள் தம் ஒலியில் காதுக்குத் தெரியாதபடி கலந்து அனுப்பும் குறியீட்டை அது கேட்டுப் பதிவு செய்யும். 2007இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் நாட்குறிப்பை அகற்றிவிட்டு இதையே அதிகாரபூர்வ அளவாக்கினார்கள். அதுவரை நாட்குறிப்பில் உயரத்தில் இருந்த கறுப்பின, ஹிஸ்பானிய நேயர்களுக்கான நிலையங்களின் எண்கள் புதிய கருவியில் சடசடவென்று இறங்கின. ஒரே ஊர், அதே மக்கள், அதே பாட்டு. கருவி மாறியதும் தரவரிசை தலைகீழானது. கருவியைச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சிறுபான்மையினர் சரியான அளவில் இல்லை என்று நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் 2008 அக்டோபரில் ஆர்பிட்ரான் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2009 தொடக்கத்தில், ஆள் சேர்க்கும் முறையைத் திருத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. யாரை எண்ணுகிறோம் என்பது நீதிமன்றம்வரை போகக்கூடிய சமூக நீதிப் பிரச்சினை என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். நம்மிடத்தில் அந்த உணர்வு இன்னும் வரவில்லை.

பிரிட்டனில் வேறு வழி. பிபிசியும் தனியார் நிலையங்களும் சேர்ந்து 1992இல் ‘ரஜார்’ என்ற பொது அமைப்பை ஏற்படுத்தின. அங்கே ஒவ்வொரு நிலையமும் தன் அலை எட்டும் பரப்பை வரையறுத்துக் கொடுக்கிறது; அந்தப் பரப்புக்குள் இருக்கும் நகரத்தார், கிராமத்தார் அனைவரும் அந்த நிலையத்தின் அளவீட்டுக்குள் வருகிறார்கள். கொடைக்கானல் கோபுரத்துக்கு இந்த முறையைப் பொருத்திப் பாருங்கள். திண்டுக்கல், தேனி, மதுரை, கரூர், திருப்பூர் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்கள் ஒரே நேயர் பரப்பாகத் திரண்டுவிடும். நம்முடைய அளவீட்டை வடிவமைத்தவர்கள், பெரிய விளம்பரம் எங்கே வாங்கப்படுகிறதோ அந்த நான்கு நகரங்களிலிருந்து தொடங்கினார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இந்தியாவுக்கு இது தெரியாத வித்தையா என்றால், இல்லை. அகில இந்திய வானொலியில் நேயர் ஆய்வு 1946இலேயே தொடங்கியது. 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் புனே வட்டாரத்தில் நடந்த கிராமிய வானொலி மன்றப் பரிசோதனை உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஐந்து மாவட்டங்கள், 150 கிராமங்கள், வாரம் இரண்டு என இருபது நிகழ்ச்சிகள். கிராமத்தார் கூடி உட்கார்ந்து கேட்டு விவாதித்தார்கள். சமூகவியலாளர் பால் நியூராத் அதை மதிப்பிட்டார். மன்றம் இருந்த கிராமங்களையும், வானொலி மட்டும் இருந்த கிராமங்களையும், வானொலியே இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டு, கேட்டதும் பேசியதும் சேர்ந்த இடத்தில்தான் அறிவு கூடியது என்று காட்டினார். எழுதத் தெரியாதவரிடமும் நேரில் போய்க் கேட்டார்கள். நாட்குறிப்புப் புத்தகத்தை நம்பியிருக்கவில்லை. 2011இல் திண்டுக்கல் மாவட்டத்தின் எழுத்தறிவே சுமார் 76 விழுக்காடுதான் என்னும்போது, 1956ஆம் ஆண்டின் அந்த முறை 2007ஆம் ஆண்டின் முறையைவிட இந்த மண்ணுக்குப் பொருத்தமானது என்பதே என் முடிவு.

தமிழ்நாட்டில் அதைவிடக் கண்கூடான சான்று ஒன்று உண்டு. அறுபதுகளின் இரண்டாம் பாதியில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றித் தொடர்ந்து பேசியது. தஞ்சை உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்று கேட்டு வாங்கிப் பயிரிட்டார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு அங்கே வயலே சாட்சியாக நின்றது. இன்றைய கேட்பளவு அறிக்கைகளில் இப்படிப்பட்ட விளைவுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நேயர் கடிதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஒதுக்கப்பட்டபோது, தமிழர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். கொழும்புக்குப் போய்க் குவிந்த அஞ்சலட்டைகள் அன்றைய கேட்பளவாக இருந்தன. ஆகாசவாணியின் நேயர் விருப்பத்திலும் கடிதப் பகுதியிலும் அந்த மரபு இன்றும் தொடர்கிறது. பெயரும் ஊரும் வாசிக்கப்படுவதற்காகவே எழுதுகிறவர்களின் அன்பு பெரியது. ஆனால் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே நேயர்கள்தான். கடிதக்கட்டு ஒரு நிலையத்தின் மீதுள்ள பற்றின் ஆழத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. இன்றைய வாட்ஸப் குரல் செய்திக்கும் தொலைபேசி அழைப்புக்கும் இதுவே பொருந்தும்.

இந்தச் சூழலில் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி 2021, 2022ஆம் ஆண்டுகளில் நியூஸ் ஆன் ஏர் செயலியில் நேரலையாகக் கேட்கப்படும் நிலையங்களின் தரவரிசையை அவ்வப்போது வெளியிட்டது. 240க்கும் மேற்பட்ட ஆகாசவாணி சேவைகள் அதில் இருந்தன. 85க்கும் மேற்பட்ட நாடுகளில் கேட்டார்கள். நகரவாரியாகத் தந்த பட்டியல்களில், சென்னையில் அதிகம் கேட்கப்பட்ட நிலையங்களின் வரிசையில் கொடைக்கானலும் இடம்பெற்றது. மலையடிவாரத்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், அலை எட்டவே முடியாத மாநகரத்தில், உள்ளூர் நிலையங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கோடையைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். பிழைப்புக்காகப் போன தென்மாவட்டத்தாரின் பங்கு அதில் கணிசமாக இருக்கும் என்பது என் ஊகம். செயலியின் இந்தப் பட்டியல் மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல. சேவையகம் பதிவு செய்த உண்மையான எண்ணிக்கை. ஆனால் இதிலும் விடுபடுகிறவர் யார்? செயலி இல்லாமல், டேட்டா செலவழிக்காமல், பழைய பெட்டியில் அல்லது கைபேசியின் பண்பலை வாங்கியில் கேட்கிற அதே திண்டுக்கல்காரர். அந்த வாங்கியும் புதிய கைபேசிகளிலிருந்து மறைந்துவருவதால்தான், அதை முடக்க வேண்டாம் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது.

பத்திரிகை வாசிப்போடு வானொலியையும் சேர்த்துக் கேட்டுவந்த இந்திய வாசகர் ஆய்வின் களப்பணியும் 2020இல் கொரோனாவோடு நின்றது. எனவே திண்டுக்கல்லுக்கு வரப்போகிறவர்கள் கையில் இருப்பது மக்கள்தொகையும் கடைகளின் எண்ணிக்கையும்தான். அவற்றை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்கலாம். பெருநகரத்தில் எடுபட்டதாக நம்பப்படும் பாட்டுப் பட்டியலையும் பேச்சு நடையையும் அப்படியே இறக்குவார்கள். காலை எட்டுமணி அலுவலகப் போக்குவரத்தை மனத்தில் வைத்துச் செய்த நிகழ்ச்சி, காலை ஆறரைக்குள் பூச்சந்தை முடிந்துவிடும் ஊரில் ஒலிக்கும். மூன்று லட்சத்துக்குள் மக்கள்தொகை கொண்ட ஊர்களில் அலைபரப்பியின் திறன் 3 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நகரத்தைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டர்தான் அவர்கள் பரப்பு. அதற்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். அவர்களை எண்ணாமல் அந்த நிலையம் பிழைக்கவும் முடியாது.

எண்ணுவது பெரிய செலவும் அல்ல. மாவட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேரைக் கிராமம், நகரம், தொழில், வயது, ஆண் பெண் என்று முறையாகப் பிரித்துத் தேர்ந்து, ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன கேட்டீர்கள், எங்கே கேட்டீர்கள், யார் வைத்தார்கள்’ என்று நேரில் கேட்டால் போதும். 10 விழுக்காடு என்று வரும் எண்ணில் பிழை ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளியில் அடங்கிவிடும். பூப்பறிப்பு, அறுவடை, பழனி பாதயாத்திரை என்று ஊரின் நடை மாறும் காலங்களில் ஆண்டுக்கு மூன்று முறை செய்யலாம். ‘யார் வைத்தார்கள்’ என்ற கேள்வியை விடக்கூடாது. ஆலை விடுதியிலும் பேருந்திலும் கேட்பவர் ஒருவர், தேர்ந்தவர் வேறொருவர்.

செய்ய இடமும் உண்டு. சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து 1956இல் கிளைத்த நிறுவனம் அது. புனே பரிசோதனை நடந்த அதே ஆண்டு. கிராமத்துக்குப் போய் வீடு வீடாகக் கேட்பது அங்கே படிப்பின் பகுதி. பிரசார் பாரதி தன் நேயர் ஆய்வுப் பிரிவையும் அந்தப் பல்கலைக்கழக மாணவர்களையும் இணைத்து, கொடைக்கானல் அலை எட்டும் பரப்பு முழுவதையும் ஒரே நேயர் வட்டாரமாகக் கொண்டு அளக்க வேண்டும். முடிவுகளை விளம்பர முகவர்களுக்கு மட்டும் விற்காமல் பொதுவில் வெளியிட வேண்டும். உரிமம் பெறும் தனியார் நிலையங்கள் ஆண்டு வருவாயில் 4 விழுக்காட்டை உரிமக் கட்டணமாகக் கட்டப்போகின்றன. அதில் ஒரு சிறு துளியை அந்தந்த ஊரின் நேயர் கணக்கெடுப்புக்கு ஒதுக்கும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதி செய்யலாம். திண்டுக்கல்லின் மூன்று அலைவரிசைகளில் முதலாவது ஒலிக்கத் தொடங்குமுன் இந்த முதல் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும்.